பொட்டு வைத்த துப்பாக்கி

துப்பாக்கி சுடும் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சுடுவார்கள். மீதிப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு, சுட்டு முடித்த பிறகும் அதை வெளியே விட மறந்துவிடுவார்கள்.

கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று சம்பளம் வாங்கியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. சேலைக் கடையோ கைப்பேசிக் கடையோ, வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான். என்ன, எங்கள் வாடிக்கையாளர் கையில் துப்பாக்கி இருக்கும். அதனால் எவ்வளவு கோபம் வந்தாலும் சிரித்த முகமாகவே பேசுவோம்.

கிள்ளானில் மேரு பக்கம், ஒரு சோபாத் தொழிற்சாலைக்கும் ஓர் ஐஸ் தொழிற்சாலைக்கும் நடுவில் இருந்தது எங்கள் கூடம். ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்டி, விதிமுறைகளைக் கேட்டுக்கொண்டு, காதுக் கவசம் மாட்டிக்கொண்டால் சுடலாம். கூடத்து ஆள் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டும். நான்தான் அப்படிப் பக்கத்தில் நின்ற ஆள். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். இங்கேயும் ஒரு கண்ணை மூடு, மறு கண்ணால் பார் என்றுதான் சொல்கிறேன். ஆனால் சத்தமே இல்லை. அந்த வெடிமருந்து வாசமும் இல்லை. எனக்கு அது இன்னும் பழகவில்லை.

சுத்தமான பேப்பர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியுமாக வந்தார்கள். கணவர் கறுப்புக் கண்ணாடி, கையில் தடித்த காப்பு என்று சுடுவதற்கென்றே உடுத்திக்கொண்டு வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சொல்லிக் குடுக்க ஆம்பள யாரும் இல்லயா?” என்றார். இந்தக் கேள்விக்கு நான் எப்போதோ பழகிவிட்டேன். “இருக்காங்க அண்ணே, டீ குடிக்கப் போயிருக்காங்க. வர்றவரைக்கும் என்னை வெச்சு சமாளிங்க” என்றேன்.

இரண்டு கையாலும் பிடியுங்கள் என்றேன். ஒற்றைக் கையால் பிடித்தார். நேராகப் பிடியுங்கள் என்றேன். படத்தில் வருகிற மாதிரி சாய்த்துப் பிடித்தார். தோட்டாக்களெல்லாம் தீர்ந்ததும் பொத்தானை அழுத்தினேன். வட்டம் போட்ட குறித்தாள் கம்பியில் தொங்கியபடி ஆடி அசைந்து எங்களிடம் வந்தது. கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. ஒரு பொத்தல் கிடையாது. அண்ணன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் ஏதோ கோளாறு என்றார். அதுவரை பேசாமல் நின்ற அவர் மனைவி காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு என்னிடம் கை நீட்டினார்.

“அந்தப் பேப்பர அப்படியே மடிச்சுக் குடுங்க அக்கா, சாமான் லிஸ்ட் எழுத ஆகும்.”

பண்டமாரானிலிருந்து ஒருவர்

மாணிக்கம் அங்கிள் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து கொள்கலனைத் தூக்கி, லோரி மேல் பூ வைப்பது போல் வைத்த கை அது. ஐசியை நீட்டியபோது அந்த வலது கை நடுங்கியது. பயத்தில் கை நடுங்குகிறவர்களை நாங்கள் தினமும் பார்ப்போம், அதனால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். தண்ணீர் பாதி சட்டையில் சிந்தியது. அப்போதுதான் இது வேறு நடுக்கம் என்று தெரிந்தது.

அவரே சொன்னார். மாத்திரை சாப்பிடுகிறார், குறையும், முழுசாக நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். தாரை வார்க்கும்போது மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து அவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், அவர் மனைவி தண்ணீர் ஊற்றுவார். மண்டபம் முழுக்கப் பார்க்கும், வீடியோக்காரன் கிட்டே வந்து கையைத்தான் எடுப்பான். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனிதர், சம்பந்தி வீட்டார் தன்னைக் குடிகாரன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தார். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. சபையில் எதற்கு வம்பு, பெண்ணின் பெரியப்பா தாரை வார்க்கட்டும் என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்திருந்தது. பெற்ற மகளைத் தன் கையால் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று அந்த மனிதர் துடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி சுடுகிறவர்களுக்குக் கை ஆடாது என்று யாரோ சொல்லக் கேட்டுப் புறப்பட்டு வந்துவிட்டார்.

“சுடறதெல்லாம் எனக்கு வேணாம்மா. கைய மட்டும் நிறுத்தறதுக்கு ஒரு வழி சொல்லிக் குடு.”

கொண்டையில் ஒன்று

எங்கள் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. சுட்டபின் தெறித்து விழுகிற காலித் தோட்டாக்களை எல்லாம் பொறுக்கி எடுத்துச் சரிபார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் வெளியே போக முடியாது. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? தரையைப் பெருக்கித் தேடிப் பாருங்கள், தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மகன் பிறந்தநாளுக்கு ஓர் ஆன்டி குடும்பத்தோடு வந்தார். கோயிலிலிருந்து நேரே வந்த பட்டுச்சேலை, பெரிய கொண்டை, அதைச் சுற்றி இரண்டு முழம் மல்லி. பூ நசுங்கும் என்று காதுக் கவசத்தைத் தலைக்கு மேல் மாட்ட மறுத்தார். பட்டியைத் தாடைக்குக் கீழே போட்டுக்கொண்டு நின்று, மகனைவிட நன்றாகவே சுட்டார். கடைசியில் ஒரு காலித் தோட்டா குறைந்தது. நான் தரையில் மண்டியிட்டேன். என் கூட வேலை பார்த்த ராஜா அண்ணன் டார்ச் விளக்கோடு படுத்தார். அடுத்த முறைக்குக் காத்திருந்த ஒரு வழக்கறிஞர்கூட டையைத் தோளில் போட்டுக்கொண்டு தவழ்ந்தார். ஆன்டி மட்டும் பெஞ்சில் சாய்ந்து, சாப்பாட்டுக் கடையில் வடை தீர்ந்துவிடும் என்று எங்களை விரட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் பின்பக்கமாகத் தவழ்ந்தபோது மல்லி வாசத்தோடு லேசாகக் கருகல் வாசம் வந்தது. நிமிர்ந்தேன். தடுப்பில் பட்டுத் தெறித்த காலித் தோட்டா கொண்டைப் பூவில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. எடுத்துக் காட்டினேன். அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

“அட, நான் ஏதோ வண்டு உக்காந்திருக்குன்னுல நெனச்சேன் லா.”

ஆயுத பூசை

கத்தரிக்கோலுக்கும் கணினிக்கும் பொட்டு வைத்து ஆயுத பூசை கொண்டாடுகிறவர்களை நான் பரிதாபமாகத்தான் பார்ப்பேன். எங்களிடம் இருந்தது நிஜமான ஆயுதம். எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, டான் என்கிற சீனர். பூசை வேண்டும் என்று கேட்டபோது, கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள், என் கண் முன்னால் செய்யுங்கள் என்றார். துப்பாக்கிகளை எல்லாம் காலியாக்கி, வாழை இலையில் வரிசையாகப் படுக்க வைத்தோம். பொரிகடலை, சுண்டல், வாழைப்பழம். டான் சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே கதவுப் பூட்டுக்குக் காவலாக நின்றார்.

ராஜா அண்ணன் எதையும் அளவோடு செய்யத் தெரியாதவர். பிடியில் பொட்டு வைத்தால் கையில் ஒட்டும், குழாயில் வைத்தால் அழகாக இருக்காது என்று யோசித்து, குறி பார்க்கக் குழாய் முனையில் நிற்கிற சின்ன முளையில் கொண்டுபோய்ச் சந்தனத்தை வைத்துவிட்டார். அதன் மேல் குங்குமம் வேறு. மறுநாள் துடைக்க மறந்து திறந்துவிட்டோம். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் வழக்கத்தைவிட நன்றாகச் சுட்டார்கள். கறுப்பு முளையைக் கறுப்பு வட்டத்துக்கு முன்னால் வைத்துக் குறி பார்க்கும்போது ஒன்றும் தெரியாமல் தவித்தவர்களுக்கு, மஞ்சள் பொட்டு பளிச்சென்று தெரிந்திருக்கிறது. மாலையில் ஒரு மலாய்க்கார இளைஞர் பொட்டு வைத்த துப்பாக்கிதான் வேண்டும் என்று கேட்டே வாங்கினார். டான் குறித்தாள்களைப் பார்த்தார், இலையில் மிச்சமிருந்த சந்தனத்தைப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இனிமே எல்லாத்துக்கும் பொட்டு வை லா, அடுத்த பூசைக்கு காத்திருக்க வேணாம்.”

நிற்காது அங்கிள்

மாணிக்கம் அங்கிள் சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தார். அவருக்கு நான் கொடுத்தது காற்றுத் துப்பாக்கி மட்டும், அதுவும் மேசையில் மணல் பை மேல் வைத்து. முதல் சில வாரம் அவர் குறியைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தார். பார்க்கப் பார்க்க அது இன்னும் ஆடியது. பூசைக்குப் பிறகு பொட்டு வைத்த துப்பாக்கியைக் கொடுத்தேன். “கைய மறந்துடுங்க அங்கிள். பொட்டு மேலயே கண்ணு இருக்கட்டும். பொட்டு ஆடும், ஆடட்டும். நீங்க மெதுவா அழுத்துங்க” என்றேன்.

அன்றைக்குத் தாளில் பொத்தல்கள் விழுந்தன. இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான், ஆனால் விழுந்தன. நான் கை தட்டினேன். அவரோ துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கோபமாகப் பார்த்தார். “ஆட்டம் நிக்கலயே! இத்தன வாரமா என்னத்த சொல்லிக் குடுத்தே?” எனக்கும் கோபம் வந்துவிட்டது. பதக்கம் வாங்குகிறவனுக்கும் கை ஆடும், நிற்கும்வரை காத்திருக்கிறவன் சுடவே மாட்டான், இதுதான் இந்த வேலையில் நான் கற்றது. அதை நயமாகச் சொல்ல எனக்கு வராது. “நிக்காது அங்கிள்! நிக்காமலேதான் சுடணும்!” என்று கத்திவிட்டேன். பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்தவரே திரும்பிப் பார்த்தார். அங்கிள் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“டாக்டரும் நிக்காதுன்னுதாம்மா சொன்னாரு. அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை நீதான் சொன்ன.”

தாரை

பத்திரிகை வைத்து அழைத்திருந்தார். நானும் ராஜா அண்ணனும் கிள்ளான் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் பெரியப்பா புது வேட்டி, துண்டு என்று தயாராக, அங்கிளின் தோளை ஒட்டியே நின்றிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, தம்பிக்காகத்தான் நின்றார். ஆனாலும் அவரைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஐயர் கூப்பிட்டார். அங்கிள் மகள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தன் கையால் தாங்கினார். அவர் மனைவி செம்பைச் சாய்த்தார். கை ஆட ஆரம்பித்தது. தண்ணீர் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் தெறித்தது, எங்கள் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது, வீடியோக்காரன் குனிந்தான். அங்கிள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடத்தில் முதல் வாரம் நின்ற மாதிரியே. பெரியப்பாவின் கை மெல்ல முன்னால் வந்தது. “கையப் பாக்காதீங்க அங்கிள், கையப் பாக்காதீங்க” என்று நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு எங்கே கேட்கப் போகிறது?

அப்போது அங்கிள் தலையை நிமிர்த்தினார். எதிரே மகளின் முகம். அதன் மேல் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. கை ஆடியபடியே இருந்தது, தண்ணீர் சிந்தியபடியே இருந்தது, மந்திரம் முடிகிறவரை அவர் பிடியை விடவில்லை. பெரியப்பா கையைப் பின்னால் இழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். போட்ட மையெல்லாம் கன்னத்தில் இறங்கிவிட்டது, ராஜா அண்ணன் கைக்குட்டை கொடுத்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் அங்கிள் எங்கள் இலைக்கு எதிரே வந்து நின்றார். “கை ஆடுச்சாம்மா?” என்று கேட்டார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. “ஆடுச்சு அங்கிள். நல்லாவே ஆடுச்சு” என்றேன். அவர் சிரித்தார். அத்தனை நாளில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அப்படியா? நான் பாக்கலயே. எம்பொண்ணு நெத்தியில இருந்த பொட்டு மட்டுந்தாம்மா தெரிஞ்சிச்சு.”

•

டான் வயதாகிவிட்டது என்று கூடத்தை மூடிவிட்டார். அங்கே இப்போது பூப்பந்து ஆடுகிறார்கள். துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஆனால் யோசித்துப் பார்த்தால் அத்தனை வருடமும் நான் பிடித்துக்கொண்டு நின்றது பயந்தவர்களின் முழங்கையைத்தான்.