தவசு அன்று பூட்டிய வீடு

சண்முகப்ரியாவுக்கு அந்தத் துணிக் கம்பெனியில் டைப்பிஸ்ட் என்று பேர். பார்த்ததென்னவோ கம்ப்யூட்டர் வேலை அத்தனையும். ஒன்பது வருஷமாக முதலாளி மறந்துபோகும் பாஸ்வேர்டிலிருந்து மக்கர் பண்ணும் சர்வர் வரை அவள்தான் சரிசெய்தாள். சிஸ்டம் ஆபீசர் வேலை காலியானபோதுதான் முதலாளிக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது.

"நெட்வொர்க் செக்யூரிட்டி சர்ட்டிபிகேட் இருக்காம்மா? இந்த மாசத்துக்குள்ள காட்டினா வேலை உனக்கு. இல்லன்னா கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வாராரு."

அந்த ஆளுக்கும் இவள்தான் எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் வேறு ஆள் வரக் கூடாது, பேச்சுக்குரல் கேட்கக் கூடாது. முதல் தடவை, ஊரிலிருந்து வந்திருந்த முருகம்மாள் சித்தி நேரே உள்ளே வந்து, "ஏட்டி, சாப்புடாம என்னத்தப் பாத்துட்டு இருக்கே?" என்று கேமராவுக்கு முன்னால் சுண்டல் கிண்ணத்தை நீட்டினாள். பரீட்சை அத்தோடு ரத்து.

அடுத்துக் கிடைத்த ஒரே தேதி, கோயிலில் ஆடித் தவசுத் திருவிழா அன்று. சங்கரன்கோவிலில் குடியிருப்பவர்களுக்குச் சொந்தபந்தம் எவ்வளவு என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். பனவடலிசத்திரத்திலிருந்து வேன் பிடித்து வந்து, பையை வீட்டில் போட்டு, சாப்பிட்ட பிறகுதான் தவசு பார்க்கப் போவார்கள். சண்முகப்ரியா ஒரு கள்ளத்தனம் செய்தாள். கணவன் மகாராஜனை வெளிப்பக்கம் பூட்டச் சொல்லி, சாவியோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டாள்.

முப்பதாவது கேள்வியில் வேன் வந்தது. "வீடு பூட்டிக் கெடக்கே!" என்று சித்தி கத்தினாள். ஏழெட்டுப் பேர் ஜன்னலுக்குக் கீழே வசதியாக உட்கார்ந்து ஊர்க்கதையை ஆரம்பித்தார்கள். திரையில் எச்சரிக்கை வந்தது: இன்னொரு முறை குரல் கேட்டால் ரத்து. வாயைத் திறந்து போகச் சொல்லவும் முடியாது. கோயம்புத்தூர்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார் என்று நினைத்தாள்.

அப்போது சித்தியின் பேச்சு பாதியில் நின்றது. பிறகு அடித்தொண்டையில், "எந்திரிங்க எல்லாரும். அவ கோயில்லதான் நிக்கா, போன்ல சொல்லிட்டா" என்றாள்.

சுத்தப் பொய். ஆனால் கூட்டம் கலைந்தது. மீதிக் கேள்விகளை எழுதி முடித்து, பாஸ் என்று திரையில் பார்த்ததும் சண்முகப்ரியா வாய்விட்டு அழுதாள். முதலாளிக்கு அனுப்பினாள். திங்கட்கிழமையே சிஸ்டம் ஆபீசராகப் பொறுப்பேற்கச் சொல்லிப் பதில் வந்தது.

சாயங்காலம் மகாராஜன் வந்து பூட்டைத் திறந்தான். பின்னாலேயே சித்தி.

"நான் உள்ள இருக்கது எப்படித் தெரிஞ்சுது சித்தி?"

சித்தி வாசற்படியைக் காட்டினாள். அங்கே சண்முகப்ரியாவின் செருப்பு ஜோடியாகக் கிடந்தது.

"கம்ப்யூட்டருக்குக் காவல் காக்குத படிப்புன்னு மகாராஜன் சொன்னான். வீட்டப் பூட்டிட்டுச் செருப்ப வெளிய போட்டுருக்கியே, ஒனக்கு எவம்ட்டி பாஸ் போட்டான்?"

சிஸ்டம் ஆபீசர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.