திருத்தணியில் நாலரைக் கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பியோடு ஒரு சனிக்கிழமை

திருத்தணிக்குப் போகிறவர்கள் மலையைப் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு தொலைபேசிக் கம்பியைப் பார்க்க. 2008 ஆவணியில் ஒரு சனிக்கிழமை. காரணம் என் அக்கா வசந்தி.

ஆர்.கே.பேட்டை சாலையில், திருத்தணியைத் தாண்டி நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அக்கா வாழ்க்கைப்பட்ட கிராமம். மருத்துவர்களின் குரல்பதிவை இறக்கி, கேட்டு, தட்டச்சு செய்து அனுப்பும் வேலையை மூன்று மாதமாக வீட்டிலிருந்தே பார்க்கிறாள். பிராட்பேண்ட் மெதுவாகப் போய், நடுநடுவே அறுந்தும் போனதால் இரண்டு வாரம் கோப்புகள் தாமதமாகிவிட்டன. திங்கள் முதல் ஒரு நாள் தாமதமானாலும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவளே தேடிக்கொண்ட வேலை அது. போனில் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் பொறியாளர் இல்லை, நூலகத்தில் வேலை செய்கிறேன். தெரியாததைத் தேடிப் படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. இரண்டு மாலை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நீளமான லைனில் பிராட்பேண்ட் ஏன் திணறுகிறது என்று படித்து, இருபது பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

சென்ட்ரலில் காலை ஆறரை வாக்கில் மின்சார ரயில். டிக்கெட் பதினாறு ரூபாய். அரக்கோணத்தில் பாதிப் பெட்டி காலியானது; மீதி வழி கால் நீட்டி உட்காரலாம். எட்டே முக்காலுக்குத் திருத்தணி. டவுன் பஸ்ஸில் மூன்று ரூபாய், பதினைந்து நிமிடம். முகூர்த்த நாள் என்பதால் பஸ்ஸில் பாதிப் பேர் பட்டுப்புடவை. என் கையில் மட்டும் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

மோடத்துக்கு உள்ளே ஒரு பக்கம் உண்டு. பிரவுசரில் அதன் எண்ணைத் தட்டினால் லைனின் நிலைமை தெரியும். அதில் இரண்டு எண்கள் போதும். ஒன்று, வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்பது. அக்கா வீட்டில் 63. எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வளைந்து நெளிந்து நாலரைக் கிலோமீட்டர் வருகிறது, அப்படித்தான் இருக்கும். இன்னொன்று, இரைச்சலுக்கு மேலே எவ்வளவு இடம் மிச்சம் என்பது. ஆறுக்கு மேல் இருக்க வேண்டும். இங்கே மூன்று.

பத்து மணிக்கு லைன்மேன் முனிரத்தினம் சைக்கிளில் வந்தார். அக்கா வாரம் முழுக்கப் போன் செய்து வரவழைத்திருந்தாள்.

"இன்னாம்மா, மெட்ராஸ்லர்ந்து இன்ஸ்பெக்சனா?" என்று என் காகிதக் கட்டைப் பார்த்தார்.

"இல்லீங்க. லைன்கூட நடந்து பாக்கலாமான்னு."

"நடக்கலாம். வெய்யில் ஏறதுக்குள்ள வா."

எக்ஸ்சேஞ்சிலிருந்து பாதி தூரம் கம்பி மண்ணுக்கடியில் வருகிறது. சாலையோரத்துப் பெட்டி ஒன்றில் மேலே ஏறி, அங்கிருந்து கம்பம் கம்பமாக வீடு வரை. அந்த இரண்டு கிலோமீட்டரை நாங்கள் நடந்தோம். கரும்பு, கேழ்வரகு, விசைத்தறிச் சத்தம் வரும் இரண்டு தெருக்கள், பின்னால் தூரத்தில் மலை. ஒவ்வொரு கம்பத்திலும் அவர் அண்ணாந்து பார்ப்பார்; நானும் பார்ப்பேன். பெட்டியில், லைனைச் சோதிக்கும் கையடக்கப் போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "இதுவரிக்கும் சுத்தமா கீது" என்றார். ஆகவே கோளாறு நாங்கள் நடந்து வந்த வழியில்தான்.

திரும்பும்போது ஏரிக்கரை வளைவில் கண்டுபிடித்தார். வைக்கோல் லாரி இழுத்துக் கம்பி எப்போதோ அறுந்திருக்கிறது. யாரோ நல்ல மனசோடு முறுக்கிச் சேர்த்து, பால் கவரைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. முனிரத்தினம் வெட்டி, சுரண்டி, புதிதாகச் சேர்த்தார். செல்போனில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"இப்ப எவ்ளோக்கா?"

"அஞ்சு."

இரண்டுதான் கூடியிருந்தது. முனிரத்தினம் தலையைச் சொறிந்தார்.

வீட்டுக்கு வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது போன் அடித்தது. மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. அக்கா பெருமூச்சு விட்டு எழுந்து போனை எடுக்கப் போனாள்.

"இரு, போன் அடிச்சா நெட்டு போவுதா?"

"ஆங். எல்லா வூட்லயும் அப்டித்தானடி? முன்ன டயல் பண்ற நெட்டுல போன் எடுத்தா கட் ஆவாது?"

டயல் செய்யும் நெட் காலத்திலிருந்து எட்டு வருடப் பழக்கம். இந்த வீட்டில் ஒருவருக்கும் அது கோளாறாகவே படவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. புகார் கொடுத்தபோதுகூட "மெதுவா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். கூடத்துப் போனில், பேச்சையும் நெட்டையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மணிச்சத்தம் கூடத்திலிருந்து மட்டும் வரவில்லை. கொல்லைப்பக்கத்திலிருந்தும், பள்ளிக்கூட மணி போல.

முனிரத்தினம் சத்தம் வந்த திசையில் போனார். பின்னாலேயே நாங்களும். அக்காவின் மாமனார் கல்யாண மண்டபங்களுக்குச் சமைப்பவர். கொல்லையில்தான் அவருடைய சமையல் கொட்டகை. அண்டா உருட்டும் சத்தத்தில் போன் கேட்காது என்று அங்கே ஒரு பெரிய மணியை மாட்டி வைத்திருந்தார். அதற்கான இணைப்பு ஸ்ப்ளிட்டருக்கு முன்பாகவே, கூரை ஓரத்தில் லைனிலிருந்து நேராக எடுக்கப்பட்டிருந்தது. இழுத்திருந்த ஒயர், மண்டபத்தில் மின்னும் சீரியல் செட் ஒயர். இரண்டு பல்பு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, போனுக்கே கல்யாணம் பண்ணி வச்சிக்கிறியா?" என்றார் முனிரத்தினம், காலை முகூர்த்தச் சமையலை முடித்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பியிருந்த அவரிடம்.

மாமா சிரிக்கவில்லை. கரண்டியோடு மணிக்குக் கீழே போய் நின்றுகொண்டார். "அத்தத் தொடாத. ஆவணி மாசம். ஒரு போன் எடுக்கலன்னா அடுத்த சமையக்காரனுக்குப் போயிடும் முகூர்த்தம்."

"மாமா, என் வேலையும் இந்த ஒயர்லதான் இருக்கு" என்றாள் அக்கா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மருமகள் அவரிடம் எதையும் கேட்டதில்லை போலும். அவர் என்னைப் பார்த்தார், நான் என் காகிதங்களைப் பார்த்தேன்.

அவற்றின் பதினோராம் பக்கத்தில் படம் இருந்தது. லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஸ்ப்ளிட்டரை வைத்துவிட்டால், ஒரு கிளை மோடத்துக்கு, மறு கிளை போனுக்கும் மணிக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. படத்தை முனிரத்தினத்திடம் நீட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மணி இருக்கும் நைனா. உன் மாலைய மட்டும் கழட்டிக்கிறேன்" என்றார். மாமா நகர்ந்துகொண்டார். நல்ல ஒயர் இழுக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாமாதான்.

மிச்ச இடம் ஒன்பது. முனிரத்தினம் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்து இரண்டு எம்பி வேகத்தை அரை எம்பியாகக் குறைக்கச் சொன்னார்.

"வேகம் பத்தலன்னு கூப்ட்டா, கொறைக்கிறீங்களே?" என்றாள் அக்கா.

"இவ்ளோ தூரத்துல ரெண்டு கேட்டா, வந்து வந்து வுழும். அரை கேளு, நின்னு வரும்."

மிச்ச இடம் பன்னிரண்டாக ஏறியது. முனிரத்தினம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மாமா பரிமாறிய வத்தக்குழம்பு பற்றி எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

இதே போல லைன் வைத்திருப்பவர்களுக்கு: முதலில் மோடத்தை லைன் நுழையும் இடத்தில் தனியாக மாட்டி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எத்தனை போன், எத்தனை மணி என்று வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள். போன் அடிக்கும்போது நெட் அறுந்தால் அது கோளாறுதான், மறக்காமல் சொல்லுங்கள். லைன்மேனோடு நடந்து போகத் தயங்காதீர்கள். தண்ணீரும் குடையும் போதும். திருத்தணியிலிருந்து திரும்ப மாலையில் ரயில் நிறையவே உண்டு. முகூர்த்த நாளில் மட்டும் இடம் கிடைக்காது. நான் அரக்கோணம் வரை நின்றுகொண்டே வந்தேன். அலுப்பாகத் தெரியவில்லை. ஒருவர் வெயிலில் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்ததில் என் அக்காவுக்கு ஒரு வேலை மிஞ்சலாம் என்ற நினைப்பு கூடவே வந்தது.

திங்கட்கிழமை மதியம் நூலகத்துக்குப் போன் வந்தது. வீட்டு லைனிலிருந்து அக்கா.

"ரெண்டு ஃபைலு போயிட்ச்சி. மூணாவது போய்க்கினு கீது. வச்சிடாதடி, நான் பேசிக்கினு இருக்கறப்பவும் போவுதான்னு பாக்கணும்."

"என்ன பேச?"

"எதனா பேசு."

எங்களுக்குள் பேச அன்று ஒன்றுமே இல்லை. பதினோரு நிமிடம் பேசினோம்.