ஆறாவது வெள்ளைக்கட்டை

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது பாட்டு இல்லை, பழைய தோலும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாடை. துருத்தியை இழுத்தால், சுரம் பிறப்பதற்கு முன்னால் அது ஒரு பெருமூச்சு விடும். எங்கள் பள்ளிக்கூடத்து ஆர்மோனியம் அது. ஆறாம் வகுப்பு முடிந்த கோடை லீவில், எனக்கு நல்ல காது என்று சொல்லிப் பாட்டு டீச்சர் அதை என்னை நம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். செஞ்சி பஜாரில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வியாபாரம் செய்த என் நைனா, "லீவு முடியட்டும், ஏழாவதுக்கு அனுப்பறதைப் பத்திப் பாக்கலாம்" என்றார். எங்கள் தெருவில் ஏழாவதுக்குப் போன பெண் அதுவரை இல்லை.

டீச்சர் சொல்லியிருந்த பாடம் ஒன்றுதான். முதல் வெள்ளைக்கட்டையில் தொடங்கி வெள்ளையிலேயே எட்டு ஏறினால் அது "மேஜர்", கேட்கிறவர் முகம் மலரும். அதே வெள்ளைக்கட்டைகளில் ஆறாவதிலிருந்து எட்டு ஏறினால் "மைனர்", கேட்கிறவர் நெஞ்சு கனக்கும். கட்டை ஒன்றும் மாறவில்லையே, அழுகை எங்கிருந்து வந்தது என்று நாள் கணக்கில் விரல் விட்டு எண்ணினேன். எங்கள் ஊர்க் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் படிகள் எல்லாம் ஒரே உயரமில்லை, சிலது முழுப்படி, சிலது அரைப்படி, கட்டைகளும் அப்படித்தான். எங்கிருந்து ஏறத் தொடங்குகிறோமோ அதைப் பொறுத்து அரைப்படி வரும் இடம் மாறிவிடுகிறது. மைனரில் மூன்றாவது சுரம் அரைப்படி தாழ்ந்து நிற்கும். அழுகை அங்கேதான் இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். அந்தக் கர்வம் இன்றைக்கும் உண்டு.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மேல்மலையனூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, காப்பி முடிந்ததும் மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, "இன்னா, சின்னது பொட்டிலாம் வாசிக்குமா? வாசி, கேப்போம்" என்றாள். நான் முதல் கட்டையில் விரல் வைக்கப் போனேன். அக்கா குனிந்த தலை நிமிராமல், "அது வாணாண்டி, அந்த அழுவாச்சிய வாசி, அதான் உனுக்கு நல்லா வருது" என்று கிசுகிசுத்தாள். நல்லா வருது என்றதில் நான் விழுந்துபோனேன். ஆறாவதில் தொடங்கி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கினேன்.

அந்தம்மா வெற்றிலையைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். "நல்ல காரியத்துக்கு வந்தமா, எழவு வூட்டுக்கு வந்தமா? கெளம்புடா" என்று மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நைனா என்னை அடிக்கவில்லை. "படிச்சிக் கிழிச்சது போதும்" என்றார், அவ்வளவுதான். மறுநாள் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் என் பெயரையும் அடிக்கச் சொல்லிவிட்டு வந்தார். அக்காவுக்கு அடுத்த தை மாதமே திண்டிவனத்தில் நல்ல இடம் அமைந்தது.

பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். டீச்சர் எங்கே போனார், பெட்டி என்ன ஆயிற்று, கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். எண்பதைத் தாண்டியவள், சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாள். "அந்த மலையனூரான எனக்குப் புடிக்கலடி. நீ அத வாசிச்சா அந்தப் பொம்பள எழுந்துடும்னு தெரியும். அதான் வாசிக்கச் சொன்னேன்."

"அப்பறமாவது நைனாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வெட்டிப் போட்டிருப்பாரு. நீ சின்னப் பொண்ணு, உன்ன இன்னா பண்ணிடப் போறாருன்னு இருந்துட்டேன்" என்றவள், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள். ஊற்றினேன்.

பஸ் ஏறும்போது, "மனசுல ஒண்ணும் வெச்சிக்காத" என்றாள். வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்புப் படிப்பை வைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி இவ்வளவு எழுதி முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று.