மெல்லிய தடியும் பாரமான இரையும்

ஸ்டுட்கார்ட்டில் என்னோடு வேலை செய்யும் சூசை அண்ணையும் நானும் சேர்ந்துதான் மீன்பிடிக்கப் போவோம். ஸ்ட்ரீமர் என்ற பாரமான செயற்கை இரையை வீசுவதற்கு, கடையில் மலிவான மெல்லிய தூண்டில் தடியைத் தெரிவுசெய்தேன்.

"இது பாரம் தாங்காது, தடிச்சதா எடுங்கோ," என்றார் அண்ணை. நான் கேட்கவில்லை.

ஆற்றங்கரையில் வீசியபோது தடி துவண்டது. இரை தாழப் பறந்து, அதன் முள் பின்னால் நின்ற அண்ணையின் புருவத்தில் குத்தியது. கண் மயிரிழையில் தப்பியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்தபோது, "நான்தான் கிட்டப் போய் நிண்டனான்," என்றார் அண்ணை. உண்மையில் அவர் தள்ளித்தான் நின்றார். நான் வாயே திறக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது வேறொருவர் பாவித்த பழையதென்றாலும் பாரத்துக்கேற்ற தடி வைத்திருக்கிறேன். பின்னால் பார்த்த பிறகே வீசுகிறேன். யாராவது அண்ணையின் தழும்பைப் பற்றிக் கேட்டால், அவருக்கு முந்தி நானே என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.