சுகுணா எதுவும் வாங்காத வருடம்

நேற்று மதியம் ஒரு பார்சல் வந்தது. சித்தூரில் எங்கள் தெருவுக்குப் பார்சல் கொண்டுவருபவருக்கு என் வீட்டு வழி தூக்கத்தில்கூடத் தெரியும். "மேடம், ஓடிபி" என்று கேட்கும்போதே அவர் குரலில் ஒரு சலிப்பு. பிரித்துப் பார்த்தால் எலுமிச்சம்பழம் பிழிகிற கருவி. இதை எப்போது கேட்டேன், எதற்காகக் கேட்டேன், சத்தியமாக நினைவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒன்று சும்மாதான் கிடக்கிறது. அட்டைப்பெட்டியின் பசை வாசனை மூக்கில் ஏறியதும் சுகுணாவின் ஞாபகம் வந்தது. கூடவே பழைய வயிற்றெரிச்சலும் வந்தது. அது எங்கே போயிற்று, உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

சுகுணாவும் நானும் திருப்பதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தோம். கார்வேட்டிநகரத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். இருவருக்கும் ஒரே அறை. நான் பில் போடுவேன், அவள் பட்டுப் பிரிவில் புடவை காட்டுவாள். மலையிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வருகிற குடும்பங்கள் அங்கே அதிகம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பெண்களுக்குக் கண்ணாடி முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கும். சுகுணா அவர்களைக் கண்ணாடிப் பக்கமே திருப்ப மாட்டாள். புடவையைத் தன்மேலேயே சுற்றி, கொசுவம் வைத்து, அவர்களுக்கு எதிரே நடந்து காட்டுவாள். "ஒரு நாளைக்கு எத்தினி பட்டு கட்டறேன் பாருக்கா, ராணிங்ககூட இத்தினி கட்டிக்கினு இருக்க மாட்டாங்க" என்பாள். நானோ, அவள் மேல் எது நன்றாக இருந்ததோ அதை எனக்கு எடுத்துவைத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். அறைக்கு வந்து கட்டிப் பார்த்தால் அது வேறு புடவையாக இருக்கும்.

ஒரு உகாதியன்று எங்கள் அறையின் அலமாரிக் கதவு, திணித்துவைத்த துணியின் பாரம் தாங்காமல், கீலோடு பிய்ந்து அவள் காலில் விழுந்தது. காலைத் தேய்த்துக்கொண்டே, மடிப்புக் கலையாத ஒரு சுடிதாரைத் தூக்கிப் பார்த்தாள்.

"இத்த எப்ப வாங்கினேன்னே தெர்லக்கா."

"அதுக்கு இன்னா இப்போ?"

"சாலுக்கா. அடுத்த உகாதி வரிக்கும் சோறு, சோப்பு தவிர ஒண்ணும் வாங்கறதில்ல. இருக்கறத வச்சிக்கினு இருக்கப் போறேன்."

சாலு என்றால் போதும். தெலுங்கும் தமிழும் எங்கள் வாயில் ஒன்றாகத்தான் புரளும். நான் சிரித்தேன். இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று நினைத்தேன், உண்மையில் தாங்கக் கூடாது என்றுதான் விரும்பினேன்.

தாங்கியது. அதுமட்டும் என்றால் பரவாயில்லை, அவள் சந்தோஷமாக வேறு இருந்தாள். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு லட்டு ஒரு பெரிய விஷயம் இல்லை, யாராவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், டப்பாவில் கிடந்து காயும். சுகுணா ஒரே லட்டை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு தினமும் ஒரு விள்ளல் எடுப்பாள். பச்சைக் கற்பூர வாசனையை முதலில் முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போடுவாள். முந்திரி சிக்கிய நாளில் என்னை எழுப்பிச் சொல்வாள். நானும் அதே டப்பாவிலிருந்து எடுத்துக் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு இனித்தது, அவ்வளவுதான்.

மாலையில் மலையடிவாரத்து அலிபிரி வரை நடந்துபோய் வேர்க்கடலை தின்பாள். மலைப்பாதையில் விளக்கு ஏறுவதைப் பார்ப்பாள். ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்ததை, திரும்பி வந்து ஒரு சினிமாக் கதை போல என்னிடம் சொல்வாள். எனக்கும் ஜன்னல் சீட்டுக் கிடைத்திருக்கிறது ஐயா, எத்தனையோ தடவை. நான் தூங்கிவிடுவேன்.

வருடம் முடியப் போகிறது. அவள் ஒரு வருடம் செய்ததை ஒரே நாளில் முந்திவிடுவது என்று முடிவு கட்டினேன். மலையில் நிலுவு தோப்பிடி என்று ஒரு வேண்டுதல் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடம்பில் என்ன நகை இருக்கிறதோ அத்தனையையும் உண்டியலில் போட்டுவிட வேண்டும். ஆகவே விவரமானவர்கள் எதை இழக்கத் துணிவு உண்டோ அதை மட்டும் போட்டுக்கொண்டு போவார்கள். நானும் விவரமாகத்தான் சங்கிலியையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, சுகுணாவையும் கூட்டிக்கொண்டு கம்மலோடு கிளம்பினேன். உண்டியல் வரிசையில் பாதி நகர்ந்த பிறகு சுகுணா என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, மூக்குத்தி போட்டுக்கினு வந்துட்டியே."

அம்மாவின் மூக்குத்தி. வயதுக்கு வந்ததிலிருந்து கழற்றியதே இல்லை, அதனால் அது நகை என்பதே மறந்துபோயிருந்தது. உடம்பில் இருப்பது எல்லாம் பெருமாளுடையது, பேரமில்லை. திருகு இறுகிப்போய் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் "பதண்டி, பதண்டி" என்று நகரச் சொல்லித் தள்ளினார்கள். சுகுணாதான் தன் முந்தானை நுனியால் திருகைப் பிடித்துக் கழற்றி எடுத்தாள். லேசாக ரத்தம். கம்மலோடு அதையும் போட்டேன். போட்டுவிட்டு, இப்போது வரும் இப்போது வரும் என்று அந்தச் சந்தோஷத்துக்காகக் காத்திருந்தேன். மூக்குதான் எரிந்தது.

வெளியே தொன்னையில் தயிர்சாதம் கொடுத்தார்கள். சுகுணா ஒரு வாய் போட்டு நின்றுவிட்டாள்.

"இஞ்சி போட்டுக்கிறாங்கக்கா. துன்னு பாரேன்."

பெருமாளுக்கு என் மூக்குத்தி, அவளுக்கு இஞ்சி. அன்றைக்கு எனக்கு வந்த பொறாமைக்கு அளவே கிடையாது. அழுதேன். வலி என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் மறுக்கவில்லை.

இதெல்லாம் நினைவுக்கு வந்த சூட்டில் நேற்றே அவளுக்குப் போன் செய்தேன். கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். நாங்கள் வேலை பார்த்த கடையை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள் என்றேன், அப்படியா என்றாள். பேச்சின் நடுவில் இரண்டு தடவை அழைப்பு மணி அடித்தது. இரண்டும் பார்சல். "வைக்கறதுக்கே எடம் இல்லக்கா, ஒரு ரூம் பூரா டப்பாதான்" என்று அலுத்துக்கொண்டாள். உகாதிக்கு உகாதி அவள் ஒன்றுமே வாங்காமல் இருந்ததைச் சொன்னேன்.

"நானா? ஒரு வருஷமா?" நிஜமாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. "ரொம்ப கஷ்டப்பட்டேனாக்கா?"

இல்லை என்றேன். லட்டைச் சொன்னேன், கடலையைச் சொன்னேன், ஜன்னல் சீட்டை, மலைவிளக்கை, தயிர்சாதத்து இஞ்சியைச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, அந்த வருடம் முழுக்கக் கண்கொட்டாமல் பார்த்து வயிறெரிந்தவள் அல்லவா நான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கேக்கறப்பவே பொறாமையா இருக்குதுக்கா" என்றாள்.

எனக்கும்தான் என்றேன். ஆளுக்கொரு ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் இருவரும் ஒரே பெண்ணின்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவள்தான் இப்போது எங்கேயும் இல்லை.