சொன்ன தேதிக்கு விற்ற வீடு

நான் என் தம்பியிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால்தான் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு ஊரில் இருந்த எங்கள் வீடு குறித்த தேதியில் கைமாறியது. சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்!

சென்னையில், மென்பொருள் நிறுவனமொன்றில், எனக்குத் திட்ட மேலாளர் உத்தியோகம். மற்றவர்களிடம் வேலை எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம். நான் மேய்த்த ஒரு திட்டமாவது சொன்ன நாளில் முடிந்திருக்குமா? ஊஹும். வீட்டை விற்பதிலாவது என் வித்தையைக் காட்ட வேண்டாமா?

லீவு போட்டு ஊருக்கு வந்து, வீட்டுச் சுவரெல்லாம் வண்ணக் காகிதம் ஒட்டினேன். செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை... ஏரிக்காற்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கோழிகளிடம் ஒப்படைத்தது. விட்டேனா! அந்த வீட்டில் குடியிருந்த தம்பி ஏழுமலையை, இறால் பிடித்துவிட்டுத் திரும்பியவனை, காலைதோறும் நிற்கவைத்துக் கூட்டம் நடத்தினேன். நின்றபடி பேசினால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்பது எங்கள் ஆபீஸ் சாஸ்திரம்.

"இன்னாணா, ராவெல்லாம் இடுப்பளவு தண்ணில நின்னுட்டு வரேன். இங்கயும் நிக்கணுமா?"

சிரித்தேன். அடுத்து அவன் கேட்டதற்குச் சிரிப்பு வரவில்லை. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று ஊர் முறைவைத்துப் பிரிக்கும்; அதற்குப் பாடு என்று பெயர். ஊருக்குள் அடுப்பெரிகிற குடும்பத்துக்குத்தான் பாடு.

"மழைக்கு அப்பால நம்ம பாடு வருதுணா. நல்ல எடம். அதுவரிக்கும் வூட்ட உடாத. பாட்டுல வர்ற காசுல இங்கயே ஒரு கொட்டா போட்டுக்கறேன்."

வீட்டை வாங்க வந்த பழவேற்காட்டு பாயோ நான் கேட்காமலே சொன்னார்: "எனக்கு இன்னா அவசரம்? சீசன் முடியறவரிக்கும் உன் தம்பி இருந்துட்டு போவட்டும்."

என் திட்டத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லையே!

"வாணாம் பாய், அவன் வேற எடம் பாத்துட்டான்" என்றேன். தம்பியிடம், "பாய் ஒருநாள்கூட பொறுக்கமாட்டேன்றாருடா" என்றேன்.

தேதி தவறவில்லை. என் உத்தியோக வாழ்வில் சொன்ன நாளில் முடிந்த ஒரே திட்டம் அது. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்... ஆமாம், தட்டினேன்! வெட்கப்பட வேண்டுமா? நீங்கள் எதையாவது சொன்ன நாளில் முடித்ததுண்டா?

பாடு வேறொருவனுக்குப் போனது. ஏழுமலை இப்போது வேறு ஊரில், சுண்ணாம்புக்குளத்தில், வாடகைக்கு இருக்கிறான். அடுத்தவன் படகில் கூலி. சந்தையில் பாயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஏனென்று தெரியாமல் அவர் என்னிடம் கேட்கிறார். "அவன் எப்பவுமே கோவக்காரன் பாய்" என்கிறேன்.

போன ஞாயிறு அவன் வீட்டில் நண்டுக் குழம்பு. "நீ இன்னாணா பண்ணுவ? அந்த ஆளு மனசு வெக்கல" என்று சொல்லி, சதைப்பிடிப்பான நண்டாகத் துழாவி எனக்கு வைத்தான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள்...

தட்டை நீட்டி, இன்னொரு கரண்டி கேட்டேன்.