சில்லென்றிருந்த பிளாஸ்டிக்

அம்பத்தூர் எஸ்டேட்டில் தெருவிளக்குகளுக்கு மேல்கூடு செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எந்தப் பொருளில் செய்வது என்று பார்ப்பது என் பொறுப்பு. அலுமினியக் கூடு கனமாக இருக்கிறது, நைலானில் செய்து தாருங்கள் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். செய்தோம். ஆனால் நைலான் சூட்டை வெளியே விடவில்லை. உள்ளே எல்இடிகள் வெந்து, ஒவ்வொன்றாக அணைந்தன.

கிராஃபீன் கலந்தால் சூடு கடந்து போகும் என்று படித்திருந்தேன். கரியின் ஒரு வடிவம்தான் அது. வாங்கிய தூள் தலையணை மாதிரி உப்பிய பையில் வந்தது. தூக்கினால் கனமே இல்லை. நைலான் மணிகளோடு கொட்டி, உருக்கித் தகடு வார்த்தோம். ஒரு மாற்றமும் தெரியவில்லை. தகட்டை அறுத்து லென்ஸில் பார்த்தேன். தூள் அங்கங்கே கட்டி தட்டிக் கிடந்தது. ஒரு மாத வேலை வீண் என்று மனம் விட்டுப்போயிற்று.

மெஷின் ஓட்டுபவர் கரையான்சாவடிக்காரர், என் வயதுதான். முன்பு பக்கத்தில் பாடி என்ற ஊரில் கலர் பக்கெட் செய்யும் இடத்தில் இருந்தவர். அங்கே சாயத்தை நேராகக் கொட்டமாட்டார்களாம். கொஞ்சம் பிளாஸ்டிக்கில் கெட்டியாகக் கலந்து மணியாக்கி, அந்த மணியைத்தான் மீதியோடு சேர்ப்பார்களாம். இதையும் அப்படிச் செய்து பார்க்கலாமே என்றார். எனக்குத் தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. அப்படியே செய்தோம்.

மறுநாள் காலை, வெறும் நைலான் தகடும் புதுக் கறுப்புத் தகடும் ஒரே மேஜைமேல் இருந்தன. அவர் இரண்டையும் தொட்டார். கறுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை.

"இன்னா மேடம் இது, இரும்பாட்டம் சில்லுனு கீது?"

நானும் தொட்டேன். அலுமினியம் அளவுக்கு இல்லை. ஆனாலும் பிளாஸ்டிக் அப்படி இருந்து நான் கண்டதில்லை. ஒரே அறை, ஒரே வெயில். குளிர்ச்சி தகட்டில் இல்லை. எங்கள் விரல் சூட்டை அது வாங்கிப் பரப்பிக்கொண்டிருந்தது.

கேட்டுக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் இரண்டு ஐஸ் கட்டிகள் வாங்கிவந்து தகடுகள்மேல் வைத்தார். வெறும் நைலானில் கட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கறுப்பில் வைத்தது கண்ணெதிரே இளகி, தன் தண்ணீரிலேயே வழுக்கியது. பேக்கிங்கில் இருந்த பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"சூடு இதுக்குள்ள எப்படி மேடம் போவுது?" என்று மெஷின்காரர் மெதுவாகக் கேட்டார்.

கரி அணுக்கள் வலைபோல் கைகோத்த தாள்கள், ஒன்றின் அதிர்வு அடுத்ததற்குத் தாவுகிறது, தாள்கள் பரவலாகக் கிடந்தால்தான் வழி கிடைக்கும் என்று சொன்னேன். பாடமாகப் படித்ததுதான். சொல்லும்போது எனக்கே சிலிர்த்தது.

அந்தக் கலவையில் வார்த்த முதல் கூட்டை விளக்கோடு மாட்டி, அணைக்காமல் விட்டோம். வாரங்கள் போயின. ஒரு எல்இடிகூட அணையவில்லை. ஷிஃப்டுக்கு வந்ததும் அவர் முதலில் அந்தக் கூட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வெதுவெதுப்பு வெளியே வந்துகொண்டிருக்கும். அவர் கையை எடுத்ததும் நான் வைப்பேன்.